முன் நட்டு இரண்டு சுற்று

மருதமுனை
04.02.2024

அன்புத் தங்கச்சி ஹாஜறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்குவது. நீ இருக்கும் நிலை தெரிந்துகொண்டே அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. மகன் றிப்தியின் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுது. போதும்.

மூன்று கிழமையாக நீ போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் இருவரும் சத்தம்தான் போடுவோம். அதனால் எழுதுகிறேன். உன் கொழுந்தன் நளீரின் லொறி மரக்கறி ஏற்றக் கிழமைக்கு இரண்டு தரம் பண்டாரவளைக்கு வருகிறதே, அவரிடமே இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே ஒரு பையில் உன் மதினி சல்மா பொரித்த மீனும் கொஞ்சம் அரிசிமாவும் வைத்திருக்கிறாள்.

நீ சொன்னாய் என்று நளீர் வந்து உன் வீட்டுச் சாவியைக் கேட்டார். வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டேன். சுனாமிக்குப் பிறகு அந்த வீட்டைத் திரும்பக் கட்டிய நாளிலிருந்து பதினெட்டு வருடம் அது என்னிடம்தான் இருந்தது. கழற்றும்போது நகம் பிய்ந்தது. நளீர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "உங்கட கை படாத சாமான் என்ட ஊட்டுல ஒண்டுமில்ல காக்கா. இப்ப என்ட புள்ளயும் இல்ல" என்றாய். இங்கே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஜனவரி ஐந்தாம் திகதி, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வழக்கம்போல் உன் வீட்டுக்கு வந்தேன். ஸ்பேனர் பை என் கையில் இருந்தது. கேட் கீலை இறுக்கினேன். மின்விசிறியின் ஆணியைப் பார்த்தேன். றிப்தி லீவில் வந்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய சில்லுப் பலகை, அந்த நீளமான லோங்போர்ட், முன் விறாந்தையில் சுவரோடு சாய்ந்து நின்றது. பலகைக்கு அடியில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாக, சில்லுகளைத் தாங்கும் இரும்புகள் இரண்டு இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றை ட்ரக் என்கிறார்கள். பிடித்து அசைத்தால் பலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ஆடுகிற சாமானில் பிள்ளை மலை இறங்குகிறானே என்று நினைத்து நட்டை இறுக்கினேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்தேன்.

அவன் ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குத் திரும்பினான். அடுத்த ஞாயிறு தேயிலைத் தோட்டத்து இறக்கத்தில் விழுந்தான். இடையில் வேறு யாரும் அந்த நட்டைத் தொட்டதாகத் தெரியவில்லை.

இவ்வளவுதான். மன்னித்துவிடு என்று எழுதினால் அது உன்னிடம் ஒன்றைக் கேட்பதாகிவிடும். உனக்கு இப்போது எதையும் தருவதற்குத் தெம்பு இருக்காது.

உன் காக்கா,
றவூப்


பண்டாரவளை
09.02.2024

காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் கிடைச்ச. மீனும் கிடைச்ச.

நீங்க எழுதுற தமிழ் எனக்கு வராது. கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன். பிழை பிடிக்காதீங்க.

கால் ரெண்டு இடத்தில ஒடஞ்சிரிக்கி. கணுக்காலுக்கு மேல தகடு வெச்சி ஏழு ஆணி அடிச்சிரிக்காங்க. டொக்டரும் நல்லா இறுக்கித்தான் வெச்சிரிக்காராம். அவரு சொல்லக்குள்ள எனக்கு உங்கட முகம்தான் வந்த.

மூணு மாசத்துக்குக் கால ஊண்டக் கூடாது. அவன்ட அறை மேல்மாடி. இருவத்தாறு படி. தண்ணியும் சோறும் நான்தான் ஏத்துறன். அவன் என்னோட கதைக்கிறதும் கொறவு. சுவரப் பாத்துக்கிட்டே படுத்துக் கெடக்கான். வேலையில ஆறு மாசத்துக்குப் பொறகு வெளிக்களத்துக்குப் போக ஏலாட்டி ஆள மாத்துவாங்களாம். நிலம் அளக்கிறவனுக்குக் கால் இல்லாட்டி என்ன இரிக்கி?

அந்தப் பலகை கட்டிலுக்குக் கீழ கெடந்த. அறையக் கூட்டக்குள்ள கையில படும். நளீர்ட லொறியில ஏத்தி உடுறன். நீங்க இறுக்கின சாமான நீங்களே வெச்சிக்கொள்ளுங்க. கடல்ல போட்டாலும் சரி.

சாவி நளீர்ட்டயே இரிக்கட்டும்.

ஹாஜறா


மருதமுனை
20.02.2024

அன்புத் தங்கச்சி,

பலகை வந்து சேர்ந்தது. கடலில் போடவில்லை. சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஐந்து நாளாக நாங்கள் பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சல்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருப்பதுதான் பயம்.

என்ன செய்தேன் என்று தெரியாமல் குற்றத்தை ஏற்றுக்கொள்வது, கணக்கைச் செய்யாமல் விடையை எழுதுவது போல. அதனால் கழற்றிப் பார்த்தேன். கோபப்படாமல் படி.

ட்ரக்கின் நடுவில் ஒரு தடித்த ஆணி இருக்கிறது. அந்த ஆணியில் இரண்டு ரப்பர் குண்டுகள், மேலே நட்டு. நீ ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து ரப்பர் நசுங்கும், பலகை சாயும். பலகை சாய்ந்தால் சில்லுகளின் அச்சு தானாகத் திரும்பும். இந்தச் சாமானுக்கு ஹேண்டில் கிடையாது, சாய்வதுதான் ஹேண்டில். நான் ஆட்டம் என்று நினைத்தது அதைத்தான்.

சைக்கிளில் வளைவு எடுக்கும்போது நாம் சாய்கிறோம், ஹேண்டிலும் கூடவே திரும்புகிறது. ஹேண்டிலைக் கயிற்றால் கட்டிவிட்டு, இப்போது சாய்ந்து வளைவை எடு என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் என்ன நடக்கும்? நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

பிடி ஏன் விட்டது என்பதற்கு நம் மேசையே போதும். மேசையின் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றிப் பாரம் கொடு. மறுபக்கத்துக் கால்கள் தூக்கும். தூக்கிய காலுக்குத் தரையில் பிடி இல்லை. ட்ரக் சாய்கிற வரைக்கும் நாலு சில்லும் றோட்டில் அழுந்தி இருக்கும், வளைவோடு ஓடும். ட்ரக் இனிச் சாயாது என்று நின்ற பிறகும் ஆள் சாய்ந்துகொண்டு போனால் ஒரு பக்கத்துச் சில்லுகள் பாரத்தை இழந்துவிடுகின்றன, மறுபக்கத்துச் சில்லுகளின் ஓரம் மட்டும் தனியாகத் தாங்குகிறது. தாங்க முடியாத இடத்தில் அது வழுக்குகிறது.

வேண்டுமென்றே வழுக்கி ஓடுகிறவர்களும் இருக்கிறார்களாம். அவர்கள்கூட ட்ரக்கை முழுதாகச் சாயவிட்டு, பிடி எங்கே முடிகிறது என்பதைக் காலால் தேடிக்கொண்டுதான் பலகையைத் தள்ளுவார்களாம். றிப்தியின் காலுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. அவன் கேட்காமல் நான் அந்த இடத்தை மாற்றி வைத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். முன் நட்டைத்தான் இரண்டு சுற்று இறுக்கினேன். பின் நட்டு லீவுக்கு லீவு பட்ட நம் உப்புக்காற்றில் துருப்பிடித்துப் போயிருந்தது, அசையவில்லை. பிறகு மண்ணெண்ணெய் போட்டுப் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். இறுக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டையும் பார்த்து அளவோடு இறுக்க வேண்டும். வேகமாக இறங்குகிறவர்கள் ஓரளவு இறுக்கித்தான் வைக்கிறார்களாம். நான் முன்பக்கத்தைக் கட்டிப்போட்டு, பின்பக்கத்தை ஆடவிட்டேன். தலை நேரே போகப் பார்க்க வால் திரும்பியிருக்கும். முப்பத்து நாலு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் ஒரு நட்டை முழுதாக இறுக்கி, மற்றதைச் சும்மா விட்டு எழும்பிப் போனேன். தேத்தண்ணீர் ஆறிவிடும் என்று எழும்பினேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

இதை றிப்திக்கு வாசித்துக் காட்டு. நானாகத்தான் இறுக்கினேன், யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து.

காக்கா


பண்டாரவளை
03.03.2024

காக்காவுக்கு,

வகுப்பு எடுக்காதீங்க. எனக்குக் கேக்கிற நெலம இல்ல. இந்தப் படியில ஏறி எறங்கி மொழங்கால் ரெண்டும் வீங்கிப் போச்சி.

உங்கட கடிதத்த ரெண்டு தரம் வாசிச்ச. மேசைக் கால் எனக்கு விளங்கல்ல. அவனுக்கு வாசிச்சிக் காட்டவும் இல்ல.

ஆனா இஞ்ச கிருசிகா எண்டு ஒரு புள்ள வாறவள். ஆலையடிவேம்புப் புள்ள. இவனோட ஒரே கந்தோர்ல வேல. அவளும் பலகையில ஓடுறவளாம், நம்பினா நம்புங்க. ஞாயித்துக்கிழம தோடம்பழமும் அவள்ட பலகையும் கொண்டு வந்தாள். நான் கேட்டன், "ஏன் புள்ள, ஆடுற சாமான்ல ஏறி எதுக்கு இந்த மலையில சாகிறிங்க?" எண்டு.

"அன்ரி, ஆடாட்டித்தான் சாவு. நீங்க ஒருக்கா ஏறிப் பாருங்க."

"என்ட வயசுக்கா?"

"கதவப் பிடிங்க. நான் உங்களப் பிடிக்கிறன். மெல்லச் சாயுங்க."

நான் ஏறின, காக்கா. சிரிக்காதீங்க. கதவு நிலையக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு ஏறின. சாஞ்ச உடன அது என்னோட சேந்து சாஞ்ச. காலுக்குக் கீழ ஒழுங்காப் பிடிச்சிக்கிட்டு இரிந்த. பொறகு அவள் ஸ்பேனரால நட்ட இறுக்கிப்போட்டு, இப்ப சாயுங்க எண்டாள். பலகை மரம் மாதிரி நிண்ட. நான் சாஞ்ச, அது சாயல்ல. ஒரு பக்கத்துச் சில்லு நிலத்த உட்டுக் கெளம்பின. அவள் பிடிக்காட்டி நானும் இவன்ட கட்டில்லதான் கெடந்திருப்பன்.

எனக்கு அது குடத்துல விளங்கின. இடுப்புல தண்ணிக் குடம் இரிந்தா ஒடம்பு சாயத்தான் வேணும். குடத்த வெச்சிக்கிட்டு நிமிந்து நட எண்டா குடமும் போகும், ஆளும் போகும்.

றிப்தி கட்டில்ல கெடந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இரிந்தான். ரெண்டு மாசத்துக்குப் பொறகு சிரிச்சான். எனக்கு அழுகை வந்த.

போகக்குள்ள அவள் ஒண்டு சொன்னாள். எறங்க முந்தி எல்லாரும் பலகையில ஏறி நிண்டு நட்டுச் சரியா எண்டு பாப்பாங்களாம். பாக்காம ஆரும் எறங்க மாட்டாங்களாம். "றிப்திதான் எங்களுக்கே சொல்லித் தாறவன் அன்ரி" எண்டாள். நான் அவனப் பாத்து, "அப்ப நீ அண்டைக்குப் பாக்கல்லயா மனே?" எண்டு கேட்டன். சுவர்ப் பக்கம் திரும்பிட்டான்.

எனக்குக் கோபம் போகல்ல. ஆர்ல எண்டுதான் இப்ப தெரியல்ல.

ஹாஜறா


மருதமுனை
24.03.2024

அன்புத் தங்கச்சி,

நோன்பு பதின்மூன்றோ பதினான்கோ, கணக்கு விட்டுப்போகிறது. இந்த வருடம் வெயில் அதிகம். இரவு தராவீஹ் தொழுகைக்குப் போய் வந்து படுத்தால் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்ப உடம்பு கேட்பதில்லை.

நீ பலகையில் ஏறினாய் என்றதைச் சல்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தங்கச்சி ஏறினா காக்காவும் ஏறுவாரு. ரெண்டு பேரையும் நான்தானே ஆஸ்பத்திரியில வெச்சிப் பாக்கணும்" என்றாள். நான் முதலே ஏறிவிட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. அவள் அயலூர் போயிருந்த நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். உன் குடம் என் மேசைக் காலை விடச் சரியான உதாரணம். நான் படிப்பித்த காலத்தில் அது கிடைத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் என் கால் பழக்கத்தில் சாய்ந்தமருதில் உன் வீட்டுப் பக்கம் திரும்பப் பார்க்கிறது. பஸ் நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பிவிடுகிறேன். போன கிழமை மட்டும் போனேன். வெளியில் நின்று பார்த்தேன். கேட் கீல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மதிலுக்குள் கை விட்டால் எட்டும். பையில் ஸ்பேனர் இருந்தது. நான் தொடவில்லை.

உனக்கு நினைவிருக்கும். நான் கலியாணம் முடித்து மருதமுனைக்கு வந்த நாளில் வாப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஊடு தங்கச்சிக்கு. ஊட்டுட பாரம் ஒனக்கு." அதை நான் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டேன். உன் வீட்டில் ஆடுகிறது எதுவும் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். மச்சான் மௌத்தாகி நீ தனித்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. எது ஆட வேண்டியது, எது ஆடக்கூடாதது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு பிள்ளை இருபத்தாறு வயதில் தன் காசில் வாங்கிய சாமானை, அவனை எழுப்பி, இது ஏன் ஆடுகிறது மகன் என்று கேட்க எனக்கு ஒரு நிமிடம் போயிருக்கும்.

அவனிடம் நட்டைப் பற்றிக் கேட்காதே. சோர்ந்து கிடக்கிற பிள்ளை. நான் செய்ததற்கு அவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பேரீச்சம்பழம் அனுப்பியிருக்கிறேன்.

காக்கா


பண்டாரவளை
18.04.2024

காக்கா,

பெருநாள் வந்து போச்சி. இஞ்ச ரெண்டு பேரும் இடியப்பம் திண்டம். அவ்வளவுதான் பெருநாள்.

கேக்காதே எண்டு எழுதின நீங்க. நான் கேக்கல்ல. அவனாச் சொன்னான். பெருநாளைக்கு அடுத்த நாள், நான் அவன்ட காலுக்கு எண்ண தடவிக்கிட்டு இரிக்கக்குள்ள.

"உம்மா, எனக்குத் தெரியும் அது இறுகி இரிந்த எண்டு" எண்டான்.

அவன் மேல ஏறி நிண்டு பாத்திரிக்கான். முன்னுக்குச் சாயல்ல எண்டு தெரிஞ்சிரிக்கி. ஸ்பேனரையும் கையில எடுத்திரிக்கான். எடுத்துப்போட்டுத் திரும்பக் காற்சட்டச் சேப்புக்குள்ள வெச்சிட்டானாம்.

"ஏன் மனே?"

"மாமா இறுக்கின உம்மா. அடுத்த முற வந்து பாப்பாரு. கழட்டினா கேப்பாரு. ஒரு தரம் இப்பிடியே ஓடிப் பாப்பம் எண்டு நெனச்சன்."

இதுக்கு நான் என்ன சொல்ல? நம்மட ஊட்டுல நீங்க இறுக்கினத ஆரு கழட்டின? குசினித் தண்ணி டெப்ப பதினெட்டு வருஷமா நான் சீலத் தலப்பச் சுத்தி ரெண்டு கையாலயும் பிடிச்சித்தான் தொறக்கிற. அவன்ட வாப்பா மௌத்தாகும் வரைக்கும் சிரிப்பாரு. "ஒங்கட காக்கா வந்துதான் தண்ணி குடிக்கணுமா புள்ள?" எண்டு கேப்பாரு. நான் ஒரு நாள் உங்கள்ட்டச் சொன்னனா, காக்கா இது இறுக்கம் கூட எண்டு? சொல்லல்ல. நீங்க வெயில்ல பஸ் ஏறி வந்து செய்றிங்க. அதுல எப்பிடிக் கொற சொல்ற?

இனி ஒண்டு. ரெண்டு கடிதமா எழுதாம வெச்சிக்கிட்டு இரிக்கன்.

யாரும் சொல்லல்ல, நானாத்தான் எடுத்தன் எண்டு ரெண்டு தரம் எழுதின நீங்க. அத வாசிக்கக்குள்ள முதல்ல உங்களுக்கு மறதி எண்டு நெனச்சன். ரெண்டாந்தரம் வாசிச்சிப்போட்டு, மறதி இல்ல எண்டு விளங்கின. குசினிக்குள்ள இரிந்து நான்தானே கத்தின. "காக்கா, அந்தப் பலகையும் கண்டபடி ஆடுது, அதையும் ஒருக்கா இறுக்கி உடுங்க" எண்டு. நீங்க, "அவன் எழும்பட்டுமே, கேட்டுப்போட்டுச் செய்வம்" எண்டு சொன்ன. நான், "அவனுட்டக் கேட்டா வேணா எண்டுதான் சொல்லுவான். நீங்க இறுக்குங்க" எண்ட.

அப்பிடிச் சொல்லிப்போட்டு ஆஸ்பத்திரி வாசல்ல அவ்வளவு ஆக்களுக்கு முன்னால உங்கள நிக்க வெச்சிக் கேட்டிரிக்கன். நீங்க தலையக் குனிஞ்சிக்கிட்டு நிண்ட. அது எனக்கு நெஞ்சில கெடக்கு.

அவனுக்கு இது தெரியாது. மாமாதான் எண்டு நெனச்சிக்கிட்டு இரிக்கான். கோபமில்ல, ஆனா உங்கட பேரு வந்தா முகம் சுருங்குது. சொல்ல வாய் வருதில்ல. இவ்வளவு நாளா அவனுக்கு மூத்திரச் சட்டி எடுக்கிறவள் நான். இதையும் சொன்னா அவன் என்ன எப்பிடிப் பாப்பான்?

என்ன செய்யட்டும்?

ஹாஜறா


மருதமுனை
02.05.2024

அன்புத் தங்கச்சி,

உன் கடிதத்தை நாலு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

சொல்லாதே என்று ஒரு தரம் எழுதினேன். கிழித்துவிட்டேன். சொல் என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். என்ன எழுதினாலும் அது நான் போடுகிற இன்னொரு சுற்று மாதிரித்தான் இருந்தது. உன் பிள்ளை, உன் வாய். எது முடியுமோ அதைச் செய். நீ எதைச் செய்தாலும் என் பக்கத்தில் ஒன்றும் மாறாது. நீ குசினியில் இருந்தாய், உனக்கு ட்ரக்கைத் தெரியாது. ஸ்பேனர் என் கையில் இருந்தது. கேட்டுச் செய்வோம் என்று எனக்குத் தோன்றியதே, தோன்றிய பிறகும் செய்தேனே, அது என்னுடையது.

டெப்பைப் பற்றி எழுதியிருந்தாய். சல்மாவிடம் கேட்டேன், இந்த வீட்டில் நான் இறுக்கியதில் எது கஷ்டம் என்று. அவள் யோசிக்கவே இல்லை. "சீனிப் போத்தல் மூடி, அலுமாரிப் பூட்டு, பின்கதவுக் கொண்டி" என்று தொடங்கினாள். போதும் என்றேன். "இல்ல, கேட்டீங்கதானே" என்று மேலும் இரண்டு சொன்னாள். மேசையையும் அப்போதுதான் திரும்பக் கேட்டாள்.

பலகையை ஒழுங்கு செய்துவிட்டேன். பின் நட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் வைத்து அசைத்தேன். முன் நட்டை எவ்வளவு இளக்குவது என்று தெரியாமல் இருந்தது. இரண்டு சுற்று என்பது என் ஞாபகம்தான், ஞாபகத்தை நம்பி இனி ஒன்றும் செய்யமாட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் மரையில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. நட்டு அவ்வளவு நாளும் உட்கார்ந்திருந்த இடம், அழுக்குப் படிந்து கோடாகியிருக்கிறது. அவன் தன் காலுக்கு ஏற்றபடி பார்த்துப் பார்த்து வைத்த இடம் அது. அந்தக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் ஒரு மயிரிழை இறுக்கவில்லை.

பிறகு பழைய சீலையில் சுற்றி, அலுமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். உப்புக்காற்று படாது. அவன் கேட்டால் கொடுக்கலாம். கேட்காவிட்டால் இருக்கட்டும்.

என்னை இரண்டு நாளாக இருமல் பிடித்திருக்கிறது. ஒன்றுமில்லை, வயது. நீ முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

காக்கா


பண்டாரவளை
09.06.2024

காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட இருமல் எப்பிடி?

அவன்ட்டச் சொன்ன. ஒரு மாசம் எடுத்த எனக்கு. படியில குந்திக்கிட்டுத்தான் சொன்ன, அவன்ட முகத்தப் பாக்காம. பொறகு ஒண்டுதான் கேட்டான். "அப்ப மாமா ஏன் உம்மாட பேரச் சொல்லல்ல?"

உங்கட கடிதம் எல்லாத்தையும் எடுத்து அவன்ட கையில குடுத்த. அண்டைக்குப் பகல் முழுக்க வாசிச்சான். கறுப்புக் கோடு எண்டு எழுதின இடத்தில விரல வெச்சிக்கிட்டு கன நேரம் இரிந்தான். பொறகு, "பலகை மாமாட ஊட்டுலயா இரிக்கி?" எண்டான். நான் ஓம் எண்டு மட்டும் சொன்ன. அவன் திரும்ப அதுல ஏறுறத நான் பாக்க மாட்டன். ஆனா ஏறாத எண்டும் சொல்ல மாட்டன். ரெண்டுக்கும் நடுவுல நிக்கன்.

கால் ஊண்டச் சொல்லிட்டாங்க. கையில ஒரு தடி குடுத்திரிக்காங்க. பயிற்சி குடுக்கிற நோனா சொல்லுறா, ஒடஞ்ச கால்ப் பக்கம் சாஞ்சி பாரத்தப் போட்டு நட எண்டு. இவனுக்குப் பயம். அந்தப் பக்கம் சாயாம நிமிந்து நடக்கப் பாக்கிறான், தடி வழுக்குது. ரெண்டு தரம் விழப் பாத்தான். கிருசிகா ஒரு நாள் பாத்துக்கிட்டு நிண்டு, "டேய், நட்ட ஆரு இறுக்கின?" எண்டு கேட்டாள். அவன் தடிய எடுத்து அவளுக்கு அடிக்கப் போனான். அப்ப சாஞ்சான். அப்பதான் கால் நிலத்தில சரியா நிண்ட.

கந்தோர்ல இன்னும் மூணு மாசம் தந்திரிக்காங்க. இஞ்ச அறைய உட்டுப்போட்டு நாங்க வெள்ளிக்கிழம ஊருக்கு வாறம், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி. நளீர்ட லொறியிலதான். ஜும்ஆவுக்குப் பொறகு வந்து சேருவம்.

நளீர்ட்டச் சொல்லிரிக்கன். சாவிய அவர்ட்ட வாங்கி உங்கட வளையத்தில கோத்துக்கொள்ளுங்க. நாங்க வர முந்திப் போய் ஊட்டத் தொறந்து காத்துப் பட உடுங்க. ஸ்பேனர் பையையும் கொண்டு போங்க. கேட் கீல் அடிக்கிறதப் பாத்துக்கொள்ளுங்க. பொறகு குசினி டெப்பக் கொஞ்சம் இளக்கி உடுங்க காக்கா. ஒரு கையால தொறக்கிற மாதிரி. மத்தக் கையில அவனுக்குத் தடி இரிக்கும்.

வேல முடிஞ்சி எழும்பக்குள்ள, கை பழக்கத்தில திரும்ப இறுக்கிராதீங்க.

ஹாஜறா